வாய்ப்பூட்டு

பேசத் தெரியாதார் பேசாதிருத்தல் இயல்பு. பேச விரும்பாதார் பேசாதிருத்தல் அவர்தம் உரிமை. ஆனால், பேசத் தெரிந்து, பேச விரும்பி, பேசவேண்டிய பொருளும் நெஞ்சிலே நிறைந்து நிற்கும் ஒருவரைப் பார்த்து, நீ பெண், ஆகவே வாய் திறவாதே என்று கட்டளையிட்டால், அதற்கு என்ன பெயர் சூட்டுவது? அடக்கம் என்று பெயர் சூட்டினர் ஆடவர். ஒழுங்கு என்றனர் குருமார். ஆண்டவன் ஆணை என்றனர் அதிகாரபீடத்தில் அமர்ந்தோர். நாம் அதனை வாய்ப்பூட்டு என்கிறோம்.

கிறித்துவ வழிபாட்டிலே பெண் எழுந்து நின்று பேசலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ இரண்டாயிரம். இதற்காக நாடு கடத்தப்பட்ட மாதர் உண்டு. கசையடி பட்டவர் உண்டு. சிறையிலே வாடியவர் உண்டு. தூக்குமரம் ஏறியவரும் உண்டு. "அவர்கள் கோயில், அவர்கள் வழிபாடு, அவர்கள் வழக்கு; பகுத்தறிவு பேசும் நமக்கு இதில் என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. கோயிலுக்குள் பூட்டப்பட்ட வாய், கோயிலுக்கு வெளியேயும் திறக்கப்படவில்லை. கல்லூரி வாசலிலும், சட்டமன்றப் படிக்கட்டிலும், பொதுமேடையிலும் அதே பூட்டு தொங்கியது. பூட்டுச் செய்த பட்டறையைப் பார்க்காமல் பூட்டை உடைப்பது எங்ஙனம்?

இரு வரிகளும் ஒரு முரணும்

கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், கி.பி. 54, 55-ஆம் ஆண்டளவில் எழுந்தது என்பர் ஆய்வாளர். அதன் 14-ஆம் அதிகாரத்தில், 34, 35 ஆகிய இரு வசனங்கள், மாதர் சபையிலே பேசலாகாது என்றும், ஐயம் எழுந்தால் வீட்டுக்குச் சென்று கணவனைக் கேட்டுக்கொள்ளட்டும் என்றும் விதிக்கின்றன. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 2-ஆம் அதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பெண் ஆணுக்குக் கற்பிப்பதையே தடுக்கிறது. வழக்குத் தொடுத்தோர் அனைவரும் கையிலே ஏந்திவந்த சான்றுச் சீட்டுகள் இவை இரண்டுமே.

சான்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், பெண் சபையிலே ஜெபம் செய்யும்போதும், தீர்க்கதரிசனம் உரைக்கும்போதும் தலையை மூடிக்கொள்ளவேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. தலையை மூடச் சொன்னவர் வாயை மூடச் சொல்லவில்லை! உரைப்பதற்கே உரிமையில்லாதவள், உரைக்கும்போது எப்படி உடுத்தவேண்டும் என்று விதி செய்வானேன்? மூன்று அதிகாரங்கள் கடந்ததும், அவளே பேசாதிருக்கவேண்டும் என்று எழுதுவானேன்?

இந்த முரணைக் கண்ட விவிலிய அறிஞர் பலர் மூலப்படிகளைத் தேடினர். பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றிலே, 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிளாரமோன்டானுஸ் படி உட்பட, அவ்விரு வசனங்களும் இடம் மாறி, அதிகாரத்தின் இறுதியிலே நிற்பதைக் கண்டனர். அவை பிறிதொருவர் கை ஓரத்திலே எழுதிச் சேர்த்த வரிகளாக இருக்கக்கூடும் என்று, 1987-இல் வெளிவந்த தம் உரைநூலில் கார்டன் ஃபீ வாதிட்டார். அவரோ நாத்திகர் அல்லர், சபை ஊழியர். தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபமும் பவுலின் கையால் எழுந்ததன்று, அவருக்குப் பின்வந்தோர் அவர் பெயரில் எழுதியது என்பது இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. மறுப்போரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: ஐயத்துக்கு இடமான இரு சான்றுகளைக் கொண்டு, ஐயமற்ற தண்டனையைப் பல நூற்றாண்டுகள் வழங்கியிருக்கின்றனர்.

தொடக்ககாலச் சபையோ வீடுகளில் கூடிய சபை. வீட்டுக்கு உரியவள் பெண். கெங்கிரேயா ஊரின் பெபேயாள் சபைத் தொண்டர் என்று பவுலே குறிப்பிடுகிறார். பிரிஸ்கில்லாள் தன் கணவன் ஆக்கில்லாவோடு சேர்ந்து, கற்றறிந்த அப்பொல்லோவுக்கே பாடம் சொன்னாள். பிலிப்புவின் பெண்மக்கள் நால்வரும் தீர்க்கதரிசனம் உரைத்தனர். யூனியா என்பாளை அப்போஸ்தலரிடையே பெயர் பெற்றவள் என்று ரோமருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது.

அந்த யூனியாவுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 4-ஆம் நூற்றாண்டிலே கிறிசொஸ்தோம் என்ற பேராயர் அவளைப் பெண் என்றே கொண்டு புகழ்ந்தார். பின்னாளில் வந்தோருக்கோ அது பொறுக்கவில்லை. அப்போஸ்தலரிடையே பெண்ணா? இருக்கலாகாதே! ஆகவே, யூனியா என்ற பெண்பெயரை யூனியாஸ் என்று ஆண்பெயர் ஆக்கினர். 20-ஆம் நூற்றாண்டின் கிரேக்க அச்சுப் பதிப்புகளும், 1952-இல் முழுமையாக வெளிவந்த ஆங்கிலப் பெயர்ப்பும் அவளை ஆணாகவே காட்டின. 1989-இல் வந்த திருத்தப் பதிப்பில்தான் அவள் மீண்டும் பெண்ணானாள். உயிரோடிருக்கும் பெண்ணின் வாயைப் பூட்டலாம். இறந்தவளின் வாயைப் பூட்ட இயலாது. ஆகவே பெயரையே பூட்டினர்!

பாஸ்டன் மன்றத்திலே

மதக் கொடுமைக்குத் தப்பி, மனச்சான்றின் உரிமையை நாடி, கடல் கடந்து அமெரிக்கக் கரை சேர்ந்தனர் ஆங்கிலத் தூய்மையர். மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு 1634-இல் வந்து சேர்ந்தார் ஆன் ஹட்சின்சன். பதினைந்து மக்களைப் பெற்ற தாய். மகப்பேற்று மருத்துவம் அறிந்தவர். விவிலியத்தைக் கரைத்துக் குடித்தவர். ஞாயிறு கேட்ட பிரசங்கத்தை வாரநாளில் தம் இல்லத்திலே மாதருக்கு விளக்கத் தொடங்கினார். விளக்கம் விமரிசனமாயிற்று. மாதர் மட்டுமே வந்த வீட்டுக்கு ஆடவரும் வந்தனர். கூட்டம் அறுபது, எண்பது என்று வளர்ந்தது. குருமார் நெஞ்சிலே அச்சமும் வளர்ந்தது.

1637 நவம்பரில் அவரை மன்றத்திலே நிறுத்தினர். குற்றம் சாட்டியவரும் ஆளுநர் ஜான் வின்திராப். தலைமை நீதிபதியும் அவரே! முதிய மாதர் இளைய மாதருக்குக் கற்பிக்கவேண்டும் என்று தீத்துவுக்கு எழுதிய நிருபம் சொல்கிறதே என்று ஆன் எடுத்துக்காட்டினார். வசனத்துக்கு வசனம் விடை தந்தார். வாதத்தில் வெல்ல இயலாதவர்கள் வாக்கெடுப்பில் வென்றனர். நாடு கடத்தும் தீர்ப்பு வந்தது. 1638 மார்ச்சில் சபையும் அவரை விலக்கிவைத்தது. மனைவியாக இராமல் கணவனாகவும், கேட்பவளாக இராமல் போதிப்பவளாகவும், குடியாக இராமல் ஆள்பவளாகவும் நடந்துகொண்டாள் என்பதே ஹியூ பீட்டர் என்ற போதகர் அவர்மீது சுமத்திய பழி. பழியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அதிலே சமயக் கொள்கை எங்கே இருக்கிறது? மூன்றும் இடம் பற்றிய வழக்கு. உன் இடம் எது, என் இடம் எது என்ற வழக்கு.

விலக்கப்பட்டு வெளியேறிய ஆன் ஹட்சின்சனின் கையைப் பற்றிக்கொண்டு உடன் நடந்தார் ஓர் இளம்பெண். அவர் பெயர் மேரி டயர். பின்னாளில் அவர் குவேக்கர் ஆனார். குவேக்கர் திரும்பி வந்தால் தூக்கு என்று 1658-இல் பாஸ்டன் சட்டம் செய்தது. 1659 அக்டோபரில், தோழர் இருவரைக் கண்ணெதிரே தூக்கிலிட்டு, மேரி டயரை மட்டும் கயிற்றடியிலிருந்து இறக்கிவிட்டு விரட்டினர். அவர் மீண்டும் வந்தார். 1660 ஜூன் 1-ஆம் நாள் தூக்கிலிட்டனர். ஆன் ஹட்சின்சனின் தண்டனையை மாசசூசெட்ஸ் ஆளுநர் நீக்கி ஆணையிட்டது 1987-இல்! மன்னிப்பு வந்து சேர ஏறத்தாழ 350 ஆண்டுகள்!

சிறையிலே எழுந்த ஏடு

இங்கிலாந்திலே, உள்நாட்டுப் போரின் கொந்தளிப்பில், குவேக்கர் என்ற நண்பர் சங்கம் தோன்றியது. உள்ளொளி ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஒளி பெற்றவர் எவரோ அவர் எழுந்து பேசலாம் என்பது அவர்கள் கொள்கை. ஜார்ஜ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தின் முதுகெலும்பாக விளங்கினார் மார்கரெட் ஃபெல் என்னும் மாது. நீதிபதி ஒருவரின் மனைவி. 1658-இல் கைம்பெண் ஆனவர். தம் இல்லத்திலே கூட்டம் நடத்தியதற்காகவும், அரசுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்ததற்காகவும் 1664-இல் சிறை புகுந்தார். சொத்துப் பறிமுதல்; வாழ்நாள் சிறை என்பது தீர்ப்பு. 1668 வரை லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் கிடந்தார்.

அச் சிறையிலிருந்து, 1666-இல், பெண்கள் பேசுவது நியாயமே என்று நிறுவும் ஒரு சிற்றேட்டை வெளியிட்டார். அவர் வாதம் எளிது, அடி பலமானது. ஏசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியை முதன்முதல் எடுத்துச் சென்றவர்கள் பெண்கள். பெண்ணின் சொல்லை ஏற்கலாகாது என்றால் அச் செய்தியே பரவியிராதே! மற்றொன்றும் கேட்டார்: ஏசுவின் தாய் மரியாளும், எலிசபெத்தும் உரைத்த சொற்களை வைத்து நீங்கள் பிரசங்கம் செய்கிறீர்கள்; அதற்குக் கூலியும் பெறுகிறீர்கள். பெண்ணின் சொல்லை விற்றுப் பிழைப்பவர், பெண்ணைப் பேசாதே என்பது என்ன நியாயம்? சரக்கு அவளுடையது, கடை மட்டும் உங்களுடையதா?

அந்தச் சங்கத்துப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. மேரி ஃபிஷர் என்ற பணிப்பெண், 1653-இல் கேம்பிரிட்ஜ் நகரில் மாணவரோடு சமயம் வாதிட்டதற்காக, சந்தைத் திடலிலே கசையடி பட்டார். 1656-இல் பாஸ்டன் சென்றார், சூனியக்காரியோ என்று ஆடை களைந்து சோதித்தனர், சிறையிட்டனர், கொண்டுவந்த நூல்களைக் கொளுத்தினர். 1658-இல் துருக்கி நாடு சென்று சுல்தான் நான்காம் மெகமது முன் நின்றார். சுல்தானோ மரியாதையோடு வரவேற்று, அவர் சொன்னதைப் பொறுமையோடு கேட்டனுப்பினார். ஒரே வேதத்தைப் படித்தவர்கள் அவரை ஆடை களைந்து சோதித்தார்கள். வேறு வேதத்தைப் படித்தவர் செவி கொடுத்தார்! பெண்ணின் சொல்லுக்குப் பகை வேதம் மட்டுமா? தன் பதவி பறிபோகுமோ என்ற அச்சம் பெரும்பகை அன்றோ?

சமையற்கட்டும் மாநாடும்

1712-ஆம் ஆண்டு. எப்வொர்த் என்ற சிற்றூரின் பாதிரியார் சாமுவேல் வெஸ்லி லண்டன் சென்றிருந்தார். அவர் மனைவி சுசன்னா, பிள்ளைகளுக்காகச் சமையற்கட்டிலே வழிபாடு நடத்தி, பிரசங்கம் ஒன்றைப் படித்துக் காட்டலானார். வேலையாள் கேட்டான், பெற்றோரை அழைத்து வந்தான், அண்டை வீட்டார் வந்தனர். கூட்டம் 200 பேரைத் தொட்டது. கோயிலிலே துணைப் பாதிரியாரின் பிரசங்கத்துக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. புகார் பறந்தது. நிறுத்திவிடு என்று கணவர் எழுதினார். சுசன்னா எழுதிய விடையின் கருத்து இது: நிறுத்துவது உமது விருப்பம் என்று எழுதாதீர், கட்டளை என்றே எழுதும். இத்தனை பேருக்கு நன்மை செய்யும் வாய்ப்பைக் கெடுத்த பழி அப்போது என்மேல் இராது. கணவர் கட்டளையிடவில்லை!

அச் சமையற்கட்டிலே வளர்ந்த சிறுவன்தான் மெதடிஸ்டு இயக்கம் கண்ட ஜான் வெஸ்லி. 1761-இல் டெர்பி நகரில் சாரா கிராஸ்பி என்ற பெண், முப்பது பேரை எதிர்பார்த்துச் சென்ற இடத்திலே ஏறத்தாழ 200 பேர் திரண்டிருக்கக் கண்டு, பேசிவிட்டு, பேசியது சரியா என்று வெஸ்லிக்கு எழுதிக் கேட்டார். எங்கள் சபை பெண் பிரசங்கிகளை ஏற்பதில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, ஆனாலும் என் நெஞ்சில் உள்ளதைச் சொல்கிறேன் என்று பேசு என வழி காட்டினார் வெஸ்லி. 1771-இல் மேரி போசன்கே வாதாடி எழுதியபோது, அசாதாரணமான அழைப்பு பெற்ற பெண் பேசலாம் என்று ஒப்புக்கொண்டார். பூட்டை உடைக்க அவருக்குத் துணிவில்லை. ஆனால் சாவியைத் தேடினார்.

இங்கிலாந்தின் அறிவுலகம் அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தது? குவேக்கர் கூட்டத்திலே பெண் ஒருத்தி பிரசங்கம் செய்வதைக் கண்டேன் என்று பாஸ்வெல் 1763-இல் கூறியபோது, அது நாய் பின்னங்காலால் நடப்பது போன்றது, நன்றாக நடப்பதில்லை, நடக்கிறதே என்பதுதான் வியப்பு என்று எள்ளினார் அகராதி செய்த அறிஞர் சாமுவேல் ஜான்சன். அகராதியில் எல்லாச் சொற்களுக்கும் பொருள் கண்டவருக்குப் பெண்ணின் சொல்லுக்கு மட்டும் பொருள் தெரியவில்லை!

வெஸ்லி 1791-இல் மறைந்தார். பன்னிரண்டே ஆண்டுகள். 1803-இல் மெதடிஸ்டு மாநாடு கூடி, பெண்கள் பொதுவில் பிரசங்கம் செய்யவேண்டாம், மீறிய அழைப்பு உண்டென்றால் பெண்களுக்கு மட்டும், அதுவும் அனுமதி பெற்று, பேசலாம் என்று தீர்மானம் செய்தது. இயக்கம் தெருவிலே கல்லடி பட்டபோது பெண்ணின் குரல் தேவைப்பட்டது. கட்டடம் எழுந்து, கணக்கு வைத்து, கனவான்கள் வரிசையில் நாற்காலி கிடைத்ததும், அதே குரல் இடைஞ்சலாகிவிட்டது. இதுதான் நாம் இவ் வரலாற்றிலே காணும் முதற்பாடம்.

ஒடுக்கப்பட்டோர் சபையிலும்

ஒடுக்கியோர் சபையிலே ஒடுக்குமுறை இருப்பது வியப்பன்று. ஒடுக்கப்பட்டோர் சபையில்? பிலடெல்பியா நகரிலே வெள்ளையர் கோயிலில் இழிவுபட்ட கறுப்பு மக்கள், ரிச்சர்ட் ஆலன் தலைமையில் தமக்கெனத் தனிக்கோயில் கண்டனர். அங்கே, 1809-ஆம் ஆண்டளவில், ஜரீனா லீ என்ற பணிப்பெண் ஆலனிடம் வந்து, பிரசங்கம் செய்ய அழைப்புப் பெற்றேன் என்றார். நம் சபை விதியிலே பெண் பிரசங்கிக்கு இடமில்லை என்று ஆலன் மறுத்தார். நிறத்தின் பெயரால் தாம் கேட்ட சொல்லையே, பாலின் பெயரால் தாமும் சொன்னார்.

1819-இல் ஒருநாள், பிரசங்கியார் ஒருவர் பேசத் தொடங்கி, சொல் ஓடாமல் தடுமாறி நின்றார். ஜரீனா லீ எழுந்தார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தார். மேடையிலிருந்த ஆலன் இப்போது பேராயர். ஒழுங்கு மீறினாள் என்று விலக்குவார் என ஜரீனா அஞ்சினார். ஆலனோ எழுந்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் இவர் என்னிடம் வந்தார், நான் தள்ளிவைத்தேன், இவருடைய அழைப்பு மெய் என்று இப்போது நம்புகிறேன் என்று சபையறியச் சொன்னார். தவறை மேடையில் ஒப்புக்கொண்ட தலைவர் அரியர். அவரை நாம் வணங்காவிடினும் மதிக்கிறோம்.

ஜரீனா லீ நடந்தார், வண்டியில் சென்றார், அடிமைமுறை நிலவிய மேரிலாந்திலும் பேசினார். 1827-ஆம் ஆண்டில் மட்டும் 2,325 மைல் பயணம், 178 பிரசங்கங்கள் என்று அவரே கணக்கு எழுதிவைத்தார். ஆலன் 1831-இல் மறைந்தார். பிறகு? 1844, 1848, 1852 ஆகிய ஆண்டுகளில் பெண்களுக்குப் பிரசங்க உரிமம் வேண்டும் என்று வந்த கோரிக்கைகள் யாவும் அச் சபையின் மாநாடுகளில் தோற்றன. சங்கிலியின் வலி அறிந்த கையே சங்கிலி பூட்டிற்று. ஓர் அநீதியை எதிர்த்தவன் எல்லா அநீதியையும் எதிர்ப்பான் என்று நம்பியிருப்பது பேதைமை. ஒவ்வொரு பூட்டையும் தனித்தனியே உடைத்தாகவேண்டும்.

கொடியும் கொழுகொம்பும்

கோயில் பூட்டு வெளியே வந்த கதையைச் சொன்னோம் அல்லவா? 1837-இல், தென் கரோலினாவின் அடிமை முதலாளி குடும்பத்தில் பிறந்த சாரா, ஆஞ்சலினா கிரிம்கே என்ற உடன்பிறந்தார் இருவர், அடிமைமுறையின் கொடுமையை ஊர் ஊராக எடுத்துரைத்தனர். மாசசூசெட்ஸ் குருமார் சங்கம் ஓர் அறிக்கை விடுத்தது. அடிமைமுறையைக் கண்டித்தா? இல்லை, பேசிய பெண்களைக் கண்டித்து! பெண் கொடி, ஆண் கொழுகொம்பு. கொடி தானே மரமாக நிற்க முயன்றால், காய்ப்பதும் நின்று, மண்ணில் விழுந்து மானமும் இழக்கும் என்பது அவ்வறிக்கையின் உவமை. நம் நாட்டுப் புலவர்களும் கொழுகொம்பு கண்டவர்களே! உவமைக்குக் கடல் தடையில்லை போலும். சாரா 1838-இல் நூல் எழுதி விடையிறுத்தார். ஆஞ்சலினா அதே ஆண்டு சட்டமன்றக் குழுவின் முன்னின்று பேசினார். அடிமைகளின் வழக்கைப் பேசப் போனவர்கள், முதலில் பேசும் உரிமைக்கே வழக்காடவேண்டியிருந்தது.

ஓபர்லின் கல்லூரி பெண்களுக்கும் கறுப்பு மாணவருக்கும் கதவு திறந்த முற்போக்குக் கல்லூரி. அங்கே அன்டனெட் பிரவுன் இறையியல் பாடம் கேட்க அமர்ந்தார். மாணவியாக இருந்தபோதே, கொரிந்தியர் நிருபத்தின் அந்த இரு வரிகளை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1849-இல் கல்லூரி ஏடு அதனை அச்சிட்டது. 1850-இல் பாடம் முடிந்தது, பட்டம் தரவில்லை! 1853 செப்டம்பர் 15 அன்று, நியூயார்க் மாநிலத்துச் சவுத் பட்லர் சிற்றூரின் சபை அவரைப் போதகராக அமர்த்தியது. அம்மாதமே நியூயார்க் நகரில் உலக மதுவிலக்கு மாநாட்டிற்குப் பேராளராகச் சென்றார். மேடையேறினார். வாய் திறக்கவிடாமல் கூச்சலிட்டனர் குருமார். கூச்சலிடுவது ஆணுக்கு அழகு. பேசுவது பெண்ணுக்கு அழகன்று! ஓபர்லின் கல்லூரி 1908-இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அப்போது அவருக்கு வயது 83.

தேவை தீர்ந்ததும்

1944-இல், உலகப் போர் நடுவே, போர்ச்சுகல் ஆட்சியிலிருந்த மக்காவில் ஆங்கிலிக்கன் குருமார் எவரும் இல்லை. பேராயர் ரொனால்டு ஹால், சபைத் தொண்டராக இருந்த ஃபுளாரன்ஸ் லீ திம் ஓய் என்ற சீனப் பெண்மணியை ஜனவரி 25 அன்று குருவாக்கினார். போர் முடிந்தது. 1946-இல் எதிர்ப்பு எழுந்தது. பேராயரின் பதவி பறிபோகாதிருக்க, அப் பெண்மணி தம் உரிமத்தை விட்டுக்கொடுத்தார். ஆபத்துக் காலத்துக்குப் பெண் குரு. அமைதிக் காலத்துக்கு ஆண் குரு!

இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருவாக்க முடிவு செய்தது 1992 நவம்பரில். அதுவும் பொதுமக்கள் அவையில் இரண்டே வாக்கு மாறியிருந்தால் தோற்றிருக்கும். 1994-இல் முதல் 32 பெண்கள் குருவாயினர். 2015-இல் முதற்பெண் பேராயர் அமர்ந்தார். 2025 அக்டோபரில் கேன்டர்பரியின் தலைமைப் பேராயராகச் சாரா முல்லலி என்ற முன்னாள் செவிலியர் அறிவிக்கப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபையும் 2013-இல் நந்தியால் பேராயராக எக்கோணி புஷ்பலலிதாவை அமர்த்தியது. மறுபக்கமோ, கத்தோலிக்கத் திருச்சபை 2021-இல் பெண்களை வாசகர் பணிக்கு முறைப்படி ஏற்றுக்கொண்டாலும், திருப்பலியின் மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்டு மாநாடு, பெண் போதகரை அமர்த்தியதற்காக, தன்னிடமிருந்த மிகப் பெரிய சபைகளில் ஒன்றையே 2023-இல் விலக்கிவைத்தது. பூட்டு சில கதவுகளில் உடைந்தது. சில கதவுகளில் எண்ணெயிட்டுத் துடைக்கப்படுகிறது.

நமக்குரிய கணக்கு

இவ் வரலாற்றிலே ஒரு விதிவிலக்கு உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. குவேக்கர் சங்கத்திலே பெண்ணின் குரல் அடங்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஊர் சுற்றிப் பேசினர். ஏன்? அங்கே சம்பளக் குரு இல்லை; பீடம் இல்லை. பேச்சு ஒருவர் பதவியாக இல்லாத இடத்திலே, அதனைக் காக்கப் பூட்டும் தேவைப்படவில்லை. மற்ற சபைகளிலோ பேச்சு பதவியாயிற்று, பதவி சொத்தாயிற்று, சொத்துக்கு வேலி வேண்டியிருந்தது. வேலிக்கு வேதத்தில் இரு வரிகள் கிடைத்தன. வேறு வரிகள் கண்ணில் படவில்லை.

ஆகவே, தோழர்களே, எங்கோ ஒரு கோயிலின் குற்றம் என்று இதனை மடித்து வைத்துவிடாதீர்கள். வேதத்தை நீக்கிவிட்டால் வேலியும் நீங்கிவிடும் என்று எண்ணுவோமானால் ஏமாறுவோம். வேதமே இல்லாத மன்றத்திலும் வேலி முளைக்கும். நாம் கூட்டும் கூட்டத்தின் அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். பெண்ணின் பெயர் எங்கே இருக்கிறது? வரவேற்புரையிலா? நன்றியுரையிலா? வாழ்த்துப் பாடலிலா? பொருள் பற்றிய உரை, தீர்மானம் பற்றிய விவாதம், தலைமை உரை ஆகிய இடங்களில் எத்தனை பெயர்? எண்ணிப் பார்க்க நிறைய நேரம் பிடிக்காது.

பேசவிடுகிறோம் என்பது வேறு. பேசுவதைக் கேட்கிறோம் என்பது வேறு. கேட்டபின் முடிவை மாற்றிக்கொள்கிறோம் என்பது முற்றிலும் வேறு. ஆலன் மூன்றையும் செய்தார். அவருக்குப் பின்வந்தோர் முதலாவதையும் மறுத்தனர். ஒரு தலைவரின் நல்ல மனத்தில் மட்டும் நிற்கும் உரிமை, அவரோடு புதைகுழிக்குப் போய்விடும். விதியிலே எழுதப்பட்ட உரிமைதான் தலைவருக்குப் பின்னும் நிற்கும். அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் அதனை எழுதிவிடுங்கள்.